பறக்குமுன் சற்றே பொறுங்கள்: ட்ரோனுக்குச் செயற்கைக் கோள்கள் அகப்படத் தாமதமாவது ஏன்?

நமது சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து ஒரு சிறு ட்ரோன் வாங்குவதென்று பொதுக்குழுவில் தீர்மானம் வந்தபொழுது, அதற்குக் கை தூக்கியவர்களில் சரிபாதிப் பேர் நெசவாளர்கள். வயலை மேலிருந்து பார்க்கும் கருவியால் தறிக்காரருக்கு என்ன ஆதாயம் என்று அன்று ஒருவர் கேட்டதும் உண்டு. அதற்குரிய பதில் நம் யாவருக்கும் தெரிந்ததே. மழைக்காலத்தில் ஏரியின் கலிங்கு வழிந்தால், அந்த நீர் செல்ல வேண்டிய வாய்க்காலில் செல்லாமல் ஒருபுறம் வாழைத் தோட்டங்களிலும், மறுபுறம் நெசவாளர் தெருவிலும் புகுந்துவிடுகிறது. தோட்டக்காரருக்கு வாழை சாய்கிறது. தறிக்காரருக்குத் தறிக்குழியில் ஊற்றெடுக்கிறது. குழித்தறியில் நீர் ஊறினால் பத்துப் பதினைந்து நாட்களுக்கு வேலையில்லை; வேலையில்லையேல் கூலியுமில்லை. நீர் எந்த இடத்தில் வழி தவறுகிறது என்பதை மேலிருந்து படம் பிடித்து, மனுவுடன் சேர்த்து அதிகாரிகளிடம் அளிக்க வேண்டும் என்பதே அந்தக் கருவியை வாங்கியதன் முதல் நோக்கம்.

அந்தப் படங்கள் அவ்வாண்டு எடுக்கப்படவில்லை. அதற்குக் காரணம் இக்கட்டுரையை எழுதும் நானே. என் அவசரத்தால் சங்கத்திற்கு நேர்ந்த நஷ்டத்தை மறைக்காமல் எழுதி, அதன் காரணத்தையும் பரிகாரத்தையும் ஏனைய அங்கத்தினர் அறியச் செய்ய வேண்டுமென்று நிர்வாகக் கமிட்டியார் பணித்தனர். மற்றச் சங்கங்களிலும் இத்தகைய கருவிகள் வாங்கப்பட்டு வருவதால், இது அவர்களுக்கும் பயன்படலாம்.

நடந்தது என்ன?

கார்த்திகை மாதத்தில் இரண்டு நாள் விடாமழைக்குப் பின் ஒரு காலை வானம் சற்று வெளுத்தது. மீண்டும் மழை பிடிக்குமுன் படமெடுத்துவிட வேண்டுமென்ற எண்ணத்துடன், சங்கக் கிடங்கின் தகரத் தாழ்வாரத்தை ஒட்டி, வேப்பமரத்தினடியில் கருவியை வைத்து இயக்கினேன். செயற்கைக் கோள்களின் சைகை போதவில்லை என்று திரையில் எழுத்து வந்தது. ஒரு நிமிஷம் பொறுத்தேன்; இரண்டு நிமிஷம் பொறுத்தேன். அணைத்து மறுபடி இயக்கினேன். அப்பொழுதும் அதே எழுத்துத்தான். உடனிருந்த முதிய நெசவாளர் ஒருவர், “தம்பி, அது என்னவோ இன்னும் வரவில்லை என்கிறதே, கொஞ்சம் இருந்து பார்க்கலாமே” என்றார். “ஐயா, மேலே போனால் தானாகவே வந்துவிடும்” என்று சொல்லி, கருவியை எழுப்பிவிட்டேன்.

நான் சொன்னது ஒருவகையில் மெய்யாயிற்று என்பதுதான் விபரீதம். தரைக்கு அருகில் இருக்கும்வரை, கீழ்நோக்கிப் பார்க்கும் சிறு கண்ணைக் கொண்டு அக்கருவி அசையாமல் நின்றது. அதைக் கண்டு எல்லாம் சரியாயிருப்பதாக எண்ணினேன். மரத்தின் உச்சியைக் கடந்து ஏரியின் மேலே சென்றதும் வானம் திறந்தது; செயற்கைக் கோள்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. “ஹோம் பாயிண்ட் பதிவாகியது” என்ற குரலும் ஒலித்தது. திரும்பி வந்து இறங்க வேண்டிய இடம் என்று கருவி நினைவிற் கொள்ளும் புள்ளிக்கு ஹோம் பாயிண்ட் என்று பெயர். அந்தப் புள்ளி கிடங்கின் வாசலாக இருக்க வேண்டும். ஆனால் கருவிக்குத் தன் இருப்பிடம் முதன்முதலில் தெரிந்ததே ஏரியின் நடுவில்தானே! ஆகவே அதையே தன் வீடாகக் குறித்துக்கொண்டது.

கரையின் பனைமரங்களுக்கு அப்பால் கலிங்கை நோக்கிச் செலுத்தியபொழுது, எனக்கும் கருவிக்கும் இடையேயிருந்த ரேடியோத் தொடர்பு அறுந்தது. தொடர்பு அறுந்தால் வீடு திரும்புவது அக்கருவியின் இயல்பு. அது கடமை தவறாமல் வீடு திரும்பிற்று. ஏரியின் நடுவே வந்து, நிதானமாக நீருக்குள் இறங்கிற்று. மீன் குத்தகைக்காரரின் பையன் ஒருவன் மறுநாள் வலைவீசி அதை எடுத்துக் கொடுத்தான். கருவியும் பிழைக்கவில்லை, படங்களும் பிழைக்கவில்லை. அந்த மழைக்காலத்தில் நமது மனு படங்களின்றியே சென்றது.

கருவி எதற்காகக் காத்திருக்கிறது?

ஜி.பி.எஸ். என்று சொல்லப்படுவது அமெரிக்க நாட்டினர் நிறுவிய செயற்கைக் கோள் கூட்டம். அதன் முதற் கோள் 1978-ஆம் ஆண்டு விண்ணில் ஏவப்பட்டது. 1995-ஆம் ஆண்டில் கூட்டம் முழுமை பெற்றது. இக்கோள்கள் பூமிக்கு மேலே ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஏறத்தாழ 12 மணிக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி வருகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக் கடிகாரங்கள் உண்டு. “நான் இன்ன கோள், இப்பொழுது மணி இன்னது, நான் இன்ன இடத்தில் இருக்கிறேன்” என்று ஒவ்வொன்றும் ஓயாமல் ரேடியோ அலையில் அறிவித்துக்கொண்டே இருக்கிறது.

அந்த அறிவிப்பு ஒளியின் வேகத்தில் வந்தும், நேர் தலைக்கு மேலுள்ள கோளிலிருந்து நம்மை அடைய நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு நேரம் பிடிக்கிறது. எவ்வளவு நேரம் பிடித்தது என்று அறிந்தால், கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று அறியலாம். மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இருப்பிடம் தெரியும் என்பது கணக்கு. ஆனால் ட்ரோனில் உள்ள மலிவான கடிகாரம் அணுக் கடிகாரத்திற்கு ஈடாகாது. ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை வரும். அந்தக் கடிகாரப் பிழையைத் திருத்துவதற்காக நான்காவது கோள் ஒன்றும் வேண்டும். ஆகையால் நான்கு கோள்கள் அகப்படாமல் எந்தக் கருவியும் தன் இடத்தைச் சரியாகச் சொல்ல இயலாது. ட்ரோன்கள் பாதுகாப்பை முன்னிட்டு நான்குடன் நிறைவடைவதில்லை. கருவிக்குத் தக்கபடி ஆறு, எட்டு, பத்து என்று அதிகமான கோள்களை எதிர்பார்க்கின்றன. கோள்கள் வானில் ஒரே பக்கமாகக் குவிந்திராமல் பரவியிருக்கின்றனவா என்றும் பார்க்கின்றன. கைப்பேசியில் இடம் உடனே தெரிகிறதே, ட்ரோனில் மட்டும் ஏன் தாமதம் என்ற கேள்விக்கு இது ஒரு பதில். மற்றொரு பதில், கோள்களின் குறிப்புகளைக் கைப்பேசி இணையத்தின் வழியாக விரைவிற் பெற்றுக்கொள்கிறது என்பது.

அரை நிமிஷச் செய்தி

கோள் அனுப்பும் செய்தி மிக மெதுவாகவே வருகிறது. நொடிக்கு 50 துணுக்குகள் வீதம், 1,500 துணுக்குகள் கொண்ட ஒரு சுற்றுச் செய்தி வந்து முடிய 30 நொடிகள் ஆகும். அச்சுற்றில் 18 நொடிப் பகுதி, அனுப்பும் கோளின் கடிகார நிலையையும் துல்லியமான இருப்பிடத்தையும் கூறுவது. எஞ்சிய பகுதியில், எல்லாக் கோள்களும் எப்பொழுது எங்கே இருக்கும் என்னும் பொதுக் குறிப்பு சிறிது சிறிதாக வருகிறது. இதனை ஆங்கிலத்திலும் ‘அல்மனாக்’, அதாவது பஞ்சாங்கம் என்றே அழைக்கிறார்கள். முழுப் பஞ்சாங்கமும் வந்து சேர 25 சுற்றுகள், அதாவது பன்னிரண்டரை நிமிஷம் வேண்டும்.

நெசவில் ஓர் இழை அறுந்தால் முடிச்சுப் போட்டு மேலே நெய்கிறோம். இங்கே அது செல்லாது. கேட்கவேண்டிய பகுதியின் நடுவில் ஒரு மரக்கிளையோ, மனிதர் தலையோ குறுக்கிட்டுச் செய்தி அறுபட்டால், அந்தப் பகுதி அடுத்த சுற்றில் மீண்டும் வரும்வரை அரை நிமிஷம் காத்திருக்க வேண்டியதுதான். அடுத்த சுற்றிலும் அறுபட்டால் மேலும் அரை நிமிஷம். வேப்பமரத்தடியில் நான் கண்ட தாமதத்தின் பெரும்பகுதி இவ்வாறு சேர்ந்ததே. பாதி கேட்ட நிலையில் அணைத்து மறுபடி இயக்கியபொழுது, வந்துகொண்டிருந்த குறிப்பையும் நானே அறுத்தேன்.

ஒரு கோளின் துல்லியமான குறிப்பு ஏறக்குறைய நான்கு மணி நேரத்திற்குச் செல்லுபடியாகும். ஆகையால் காலையில் பறந்த கருவியை ஒரு மணி நேரம் கழித்து இயக்கினால், சில நொடிகளில் ஆயத்தமாகிவிடுவதைக் காணலாம். மறுநாள் இயக்கினால் குறிப்பைப் புதிதாகக் கேட்க வேண்டும்; ஆயினும் பஞ்சாங்கமும் மணியும் நினைவில் இருப்பதால் எந்தக் கோளைத் தேடுவது என்று அதற்குத் தெரியும். பல வாரங்கள் பெட்டியில் கிடந்தாலோ, வெகு தொலைவு எடுத்துச் செல்லப்பட்டாலோ, முழுவதும் முதலிலிருந்தே தொடங்க நேரும். நல்ல கருவி திறந்த வெளியில் அந்நிலையிலும் ஒரு நிமிஷத்துக்குள் முதல் இருப்பிடத்தைக் கண்டு, மேலும் ஒன்றிரண்டு நிமிஷங்களில் போதிய கோள்களைச் சேர்த்துவிடும். இக்காலக் கருவிகள் ஒரே சமயத்தில் பல கோள்களைத் தேட வல்லவை. ஆகவே முழுப் பஞ்சாங்கத்திற்காகப் பன்னிரண்டு நிமிஷம் காத்திருக்கும் அவசியம் பெரும்பாலும் இல்லை. திறந்த வெளியில் ஐந்து நிமிஷத்திற்கு மேலும் தாமதமானால், ஏதோ ஒரு குறை இருக்கிறது என்று கொள்ளலாம்.

தாமதத்தின் காரணங்கள்

முதற் காரணம், வானம் மறைந்திருத்தல். கோளிலிருந்து புறப்படும் அலையின் ஆற்றல் சில மின்விளக்குகளின் அளவினதே. அது பூமியை அடையும்பொழுது, ஒரு வாட்டைப் பத்தாயிரம் லட்சம் கோடி பங்குகளாக்கி அவற்றுள் ஒரு பங்கு என்ற அளவிற்குத் தேய்ந்துவிடுகிறது. இத்தனை மெலிந்த அலையைத் தகரக்கூரை முற்றிலும் தடுக்கும். மழையில் நனைந்த இலைகள் பெரிதும் குறைக்கும். தகரம், கட்டிடச் சுவர், நீர்ப்பரப்பு ஆகியவற்றில் பட்டுத் தெறித்து வரும் அலை நீண்ட வழியில் வருவதால், தொலைவைத் தவறாகக் காட்டும். அன்று நான் தேர்ந்தெடுத்த இடத்தில் இவை யாவும் இருந்தன.

இரண்டாவது காரணம், கருவியின் அருகிலேயே எழும் ரேடியோ இரைச்சல். காமிரா, படம் அனுப்பும் உறுப்பு, நினைவட்டை, கம்பிகள் முதலியவை இயங்கும்பொழுது நுண்ணிய அலைகளைக் கசியவிடுகின்றன. தொழிற்சாலையில் செய்த கருவிகளில் இதற்கெனத் தகட்டு மறைப்புகள் வைத்திருப்பார்கள். நாமாக மேலே ஒட்டும் விளக்கு, கண்காணிப்புப் பெட்டி, உலோகப் பூச்சுள்ள ஒட்டுத்தாள் ஆகியவை அந்த ஏற்பாட்டைக் கெடுக்கும். தாமே உறுப்புகளைப் பூட்டி ட்ரோன் செய்யும் இளைஞர்கள், ஜி.பி.எஸ். உறுப்பைக் காமிராவிற்கும் படம் அனுப்பும் உறுப்பிற்கும் எட்டத்தில், சிறு தண்டின் மீது நிறுத்துவது நலம். அதன் பீங்கான் வில்லை வானை நோக்கியிருக்க வேண்டும். கவிழ்த்துப் பூட்டிவிட்டுக் காரணம் தேடுவோர் உண்டு. கரியிழைத் தகடும் அலையைத் தடுப்பதால் அதன் அடியில் வைக்கலாகாது. இரைச்சல்தானா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: காமிராவையும் படம் அனுப்பும் உறுப்பையும் நிறுத்தி வைத்து, கோள்களின் எண்ணிக்கை உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். உயர்ந்தால் குற்றவாளி அகப்பட்டான். நிலத்துடன் இணைத்த மெல்லிய செப்புத்தகடு கொண்டு மறைத்தாலோ, இடைவெளியை அதிகரித்தாலோ குறை தீரும்.

மூன்றாவது காரணம், நினைவு காக்கும் சிறு மின்கலம் தீர்ந்துபோதல். முதன்மை மின்கலத்தைக் கழற்றிய பிறகும் மணியையும் பஞ்சாங்கத்தையும் காப்பதற்கென்று ஜி.பி.எஸ். உறுப்புகள் பலவற்றில் மிகச் சிறிய மின்கலம் ஒன்று இருக்கும். ஆண்டுக்கணக்கில் பெட்டியில் வைத்தால் அது உயிரிழக்கும். அதன்பின் ஒவ்வொரு நாளும் கருவிக்கு முதல் நாளே. பத்து நிமிஷத்திற்கு முன் பறந்த கருவியும், மின்கலம் மாற்றியவுடன் மீண்டும் வெகுநேரம் தேடுமாயின், இக்குறையைச் சந்தேகிக்க வேண்டும்.

நான்காவது, மிகப் பழைய உறுப்புகளில் தேதிக் குழப்பம். ஜி.பி.எஸ். தன் வாரக் கணக்கை 1,024 வாரங்களுக்கு ஒருமுறை பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறது. 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அவ்வாறு நிகழ்ந்தது. அடுத்தது 2038 நவம்பரில். உள்மென்பொருள் புதுப்பிக்கப்படாத பழைய உறுப்புகள் தேதியைப் பல ஆண்டுகள் பின்தள்ளிக் காட்டி, தவறான கோள்களைத் தேடக்கூடும்.

ஐந்தாவது காரணம் விண்ணிலேயே உள்ளது. தென்னாட்டினராகிய நாம் சிறப்பாக அறியவேண்டியது. பூமியின் காந்த நடுக்கோடு நமது மாநிலத்தின் தென்கோடிக்கு அருகே செல்கிறது. திருநெல்வேலியில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தார் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை அமைத்திருப்பது இதன் பொருட்டே. காந்த நடுக்கோட்டை ஒட்டிய நாடுகளில், சூரியன் மறைந்தபின் நள்ளிரவு வரையில், மேல் வானின் மின்னூட்டப் படலம் குமிழ் குமிழாகக் கலங்குவதுண்டு. பங்குனி, சித்திரையை ஒட்டியும் புரட்டாசி, ஐப்பசியை ஒட்டியும், சூரியன் உக்கிரமாயுள்ள ஆண்டுகளிலும் இது மிகும். அவ்வேளையில் கோள்களின் அலை நடுங்கி, கருவி பிடித்த கோளையும் விட்டுவிடும். சூரியன் தன் உச்ச நிலையை எட்டியிருப்பதாக 2024 அக்டோபரில் விஞ்ஞானிகள் அறிவித்தனர். அவ்வாண்டு மே 10 முதல் வீசிய பெரும் காந்தப் புயலின்போது, அமெரிக்காவின் மத்திய மாநிலங்களில் ஜி.பி.எஸ். துணையால் நேர்கோட்டில் ஓடும் டிராக்டர்கள் தடுமாறி, விதைப்புப் பருவத்தின் நடுவில் வேலையை நிறுத்த நேர்ந்த உழவர் பலர். காலை வேளையில் பறக்கவிடுவோர்க்கு மாலைநேரக் கலக்கத்தால் இடையூறு இல்லை. அந்தி சாய்ந்தபின் கருவி தடுமாறினால், அதைப் பழுது என்று எண்ணிக் கழற்ற வேண்டாம். மறுநாள் காலை பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு தவறான கருத்தையும் இங்கே நீக்கிவிடுகிறேன். கோள்கள் அகப்படவில்லையென்றால் உடனே திசைகாட்டியைத் திருத்த முற்பட்டு, கருவியைக் கையில் பிடித்துச் சுழற்றுவோர் பலர். திசைகாட்டி வேறு, ஜி.பி.எஸ். வேறு. முன்னது பூமியின் காந்தத்தைக் கொண்டு முகம் எத்திசை என்று சொல்வது. பின்னது இடம் எது என்று சொல்வது. சுழற்றுவதால் கோள்கள் விரைந்து வந்துவிடமாட்டா. செய்தி கேட்கும் நேரத்தில் அசைத்தால் கேடே விளையும். திசைகாட்டி பிழைபட்டிருப்பதாகக் கருவியே சொன்னால் மட்டும் திருத்தினாற் போதும்.

செய்யவேண்டிய முறை

இப்பொழுது நமது சங்கத்தில் பின்வரும் முறையைக் கடைப்பிடித்து வருகிறோம்.

1. புறப்படும் இடம் நான்கு பக்கமும் வானம் தெரியும் வெளியாக இருக்க வேண்டும். நெற்களம் உகந்தது. ஆனால் சிமெண்டுத் தளத்தினுள் இரும்புக் கம்பி இருந்தால் திசைகாட்டி மயங்கும். ஆகையால் மண் தரையிலோ, மரப்பலகை மீதோ வைக்க வேண்டும். காரின் மூடியின்மீது வைப்பது இரு வகையாலும் தவறு.

2. வயலுக்குப் புறப்படுமுன், சங்கக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் இரண்டு மூன்று நிமிஷம் இயக்கி, கோள்களைக் காணச் செய்து, பின் அணைத்து எடுத்துச் செல்கிறோம். நினைவு காக்கும் மின்கலம் நல்ல நிலையிலிருந்தால், வயலில் தாமதம் வெகுவாகக் குறைகிறது.

3. இயக்கிய பின் கருவியைத் தொடுவதும், அதன்மேல் குனிந்து நிற்பதும் கூடாது. காத்திருக்கும் நேரத்தில் இறக்கைகளில் கீறல், மின்கலத்தின் இருப்பு, நினைவட்டை, காற்றின் வேகம், அருகிலுள்ள மின்கம்பி ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். இதைச் செய்தால் காத்திருப்பதாகவே தோன்றாது.

4. கோள்களின் எண்ணிக்கை போதுமென்று கருவி சொன்ன பிறகும் உடனே எழுப்பலாகாது. ஹோம் பாயிண்ட் பதிவான அறிவிப்பு வந்ததா என்று பார்த்து, திரையில் தெரியும் படத்தில் அந்தப் புள்ளி நாம் நிற்கும் இடத்திலேயே இருக்கிறதா என்று இருவர் சரிபார்க்க வேண்டும். இருவர் என்பது கமிட்டியார் விதித்த நிபந்தனை. என்னைப்போல் ஒருவர் அவசரப்பட்டாலும் மற்றவர் தடுப்பார்.

5. ஐந்து நிமிஷத்திற்குள் அகப்படவில்லையெனில், இருபது முப்பது அடி நகர்ந்து வேறிடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அடிக்கடி அணைத்து இயக்குதல் ஆகாது. பத்து நிமிஷத்திற்கு மேலும் அகப்படாவிட்டால், அன்று பறக்கவிடுவதில்லை.

6. ஏதோ காரணத்தால் நடுவானில் ஹோம் பாயிண்ட் பதிவானதாகக் குரல் கேட்டால், வேலையை நிறுத்தி, கருவியின் மென்பொருளில் வீட்டை நாம் நிற்குமிடத்திற்கு மாற்றியமைக்க வேண்டும். அன்றேல் கண்ணெதிரிலேயே கையால் செலுத்தி இறக்கிவிட வேண்டும். அன்று எனக்கு இது தெரிந்திருந்தால், கருவி ஏரியில் இறங்கியிராது.

7. ஒவ்வொரு முறையும் தேதி, இடம், ஆயத்தமாக எடுத்த நேரம், கோள்களின் எண்ணிக்கை ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதுகிறோம். நாற்பது நொடியில் ஆயத்தமான கருவி சில மாதங்களில் மூன்று நிமிஷம் எடுத்துக்கொள்ளத் தொடங்கினால், நோட்டே அதைக் காட்டிக்கொடுக்கும். வரவு செலவுக் கணக்கு எழுதுவதில் பழகிய நமக்கு இது புதிய வழக்கமன்று.

வாங்கும்பொழுது கவனிக்க வேண்டியவை

சங்கத்திற்கென வாங்குவோர், கருவி ஜி.பி.எஸ். ஒன்றை மட்டும் கேட்குமா, ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனத்தின் பெய்டூ ஆகியவற்றையும் கேட்குமா என்று விசாரிக்க வேண்டும். கேட்கக்கூடிய கோள்கள் மிகுந்தால், மரங்கள் ஒரு பகுதி வானை மறைத்தாலும் மறுபகுதியில் போதிய கோள்கள் இருக்கும். நமது நாட்டின் நாவிக் அமைப்பின் முதற் கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது. 2023 மே மாதத்தில் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 கோள், முந்திய அலைவெண்களோடு ஜி.பி.எஸ். பேசும் 1575.42 மெகாஹெர்ட்ஸ் அலைவெண்ணிலும் பேசும் வகையில் அமைக்கப்பட்டது. சிறு கருவிகள் நாவிக்கை எளிதிற் கேட்க இது வழி செய்வதாகும்.

சட்டத்தையும் மறத்தல் ஆகாது. 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரையிலுள்ளவை நேனோ என்றும், அதற்கு மேல் 2 கிலோ வரையிலுள்ளவை மைக்ரோ என்றும் வகுக்கப்பட்டுள்ளன. விமான நிலையம் முதலியவற்றை ஒட்டிய பகுதிகளில் தடைகளும் உண்டு. தத்தம் ஊர் எவ்வகைப் பகுதியில் அமைந்துள்ளது என்று முன்னதாகவே கேட்டறிந்து செயற்படுவது சங்கங்களின் பொறுப்பு.

முடிவாக

ஏரியில் விழுந்த கருவியின் விலையை நானே தருவதாகக் கமிட்டியில் கூறினேன். பாதியை ஏற்றுக்கொண்டார்கள், மீதிப் பாதியைப் பொதுநல நிதியிலிருந்தே எழுதித் தள்ளினார்கள். “பழகாத தறியில் முதல் சேலை பிசகினால், கூலியைப் பிடிப்பது உண்டு, தறியை விட்டு இறக்குவது இல்லை” என்று, அன்று வேப்பமரத்தடியில் என்னைப் பொறுக்கச் சொன்ன அதே முதியவர் எடுத்துரைத்தார். அதன் பின் எட்டு மாதம் சென்றே இரண்டாவது கருவி வாங்க முடிந்தது.

ஆனி மாதத்தில் ஒரு காலை, களத்தின் ஓரத்தில் பலகை போட்டுக் கருவியை வைத்தோம். அவரும் வந்திருந்தார். திரையில் கோள்களின் எண்ணிக்கை நான்கு, ஏழு, ஒன்பது என்று ஏறிக்கொண்டிருந்தது. நான் என்னையும் அறியாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். “பாவு ஆற்றும்பொழுது வெயிலை விரட்டுகிறோமா, தம்பி? அது காய்கிறபொழுது காயட்டும்” என்றார். ஒரு நிமிஷம் ஐம்பது நொடி கழித்து, பதினான்கு கோள்களுடன் ஹோம் பாயிண்ட் பதிவாயிற்று. அது எங்கள் காலடியிலேயே இருப்பதை அவரும் நானும் திரையில் பார்த்துக்கொண்டோம். பிறகே எழுப்பினேன்.

அன்றெடுத்த படங்களில், கலிங்கிலிருந்து வரும் வாய்க்கால் ஓரிடத்தில் சீமைக்கருவேலமும் மண்மேடும் அடைத்து, இரண்டாகப் பிரிந்து நிற்பது தெளிவாகத் தெரிந்தது. ஒரு கிளை வாழைத் தோட்டத்திற்கும் மறு கிளை நெசவாளர் தெருவிற்குமாகச் செல்கின்றது. தரையில் நின்று பார்த்த எங்களில் யாருக்கும் இத்தனை ஆண்டுகளாக அந்த இடம் புலப்படவில்லை. படங்களுடன் புதிய மனுவை அளித்திருக்கிறோம். உரிய அனுமதி பெற்று, அடைப்பின் மேற்பகுதியை அங்கத்தினர்களே சிரமதானமாக நீக்கவும் ஏற்பாடாகியுள்ளது. தோட்டக்காரர்கள் மண்வெட்டியுடனும், நெசவாளர்கள் கூடையுடனும் அன்றைய தினம் தவறாது வந்து சேர வேண்டுமென்று காரியதரிசி கேட்டுக்கொள்கிறார்.